செவ்வாய்க்கிழமை பேசியதைத் தொடர்ந்து

அட்டைப்பெட்டி கம்பெனியில் அவளுக்குப் ‘பிரெஞ்சக்கா’ என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் கல்லூரியில் எடுத்த ஒரு பாடம். பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள், எடுத்தாள், அள்ளினாள். வேலைக்கான விண்ணப்பத்தில் அது ஒரு வரியாகக் கிடந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி பசை தடவும் பிரெஞ்சு மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டதும், மேனேஜர் அந்த வரியைத் தோண்டி எடுத்துவிட்டார்.

கடிதம் என்றால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிழையில்லாமல் எழுதிவிடுவாள். காதுதான் கைகொடுக்காது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய நிலைமையும் வந்ததில்லை, எல்லாம் கடிதத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

மெஷினின் ரப்பர் உருளை கிழிந்துபோய் மூன்று வாரம் ஆயிற்று. பிரான்சில் ஒரு பட்டறைக்குப் புது உருளை கேட்டு ஆர்டர் போயிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உருளை செய்பவரே போனில் கூப்பிட்டார். மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து கொட்டிய பேச்சில் அவளுக்குப் பிடிபட்டது ‘தாமதம்’ என்ற ஒன்றுதான். மற்றதைக் காதில் விழுந்தபடி தமிழிலேயே கிறுக்கினாள். அவர் நிறுத்தியபோது ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “த்ரே பியேன், மெர்சி” என்றாள். ரொம்ப நல்லது, நன்றி. அந்தப் பக்கம் பட்டென்று போன் வைக்கப்பட்டது.

“என்னம்மா சொல்றான்?”

“லேட்டாகுமாம் சார். பெர்த்யுமோபேர்னு ஒரு கூரியர்ல வருதாம்.”

மேனேஜர் அதை அப்படியே பலகையில் எழுதிப் போட்டார்.

வியாழக்கிழமை மதியம் அவரே வந்து, அப்படி ஒரு கூரியர் உலகத்திலேயே கிடையாது என்றார். அவள் நோட்டை எடுத்து அந்தச் சொல்லைச் சத்தமாகப் படித்தாள். இன்னொரு தடவை, மெதுவாக. அது மூன்றாக உடைந்தது. பெர்த்யு, மோ, பேர். இழந்தேன், என், அப்பா.

அப்பா செத்துப்போனதாகச் சொன்ன மனுஷனிடம் ரொம்ப நல்லது என்று சொல்லியிருக்கிறாள். அன்று டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போனாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தாள். ‘செவ்வாய்க்கிழமை பேசியதைத் தொடர்ந்து, தங்களுக்கு எழுத என்னை நானே அனுமதித்துக்கொள்கிறேன்’ என்று தொடங்குவது பிரெஞ்சுக் கடிதங்களில் மரியாதை வழக்கம். அதைத் தமிழில் சொல்லிக் காட்டியதும் கணவர் கேட்டார்.

“உனக்கு நீயே பர்மிஷன் குடுத்துக்குவியா?”

“அவங்க மொழியில அப்படித்தாங்க.”

“அப்புறம் என்ன எழுதப்போற? லைன் சரியில்ல, கேக்கலன்னு போட்டுடு. யாருக்குத் தெரியும்?”

அப்படியும் ஒன்று எழுதிப் பார்த்தாள். படிக்கும்போது நாக்கில் ஒட்டவில்லை, கிழித்துப் போட்டாள். இரண்டாவதில் உள்ளதை எழுதினாள்: லைன் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். தங்கள் தந்தையின் மறைவுக்கு வருந்துகிறேன். உருளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மறுநாள் அதைக் கம்பெனி ஃபேக்ஸில் அனுப்பினாள். திங்கட்கிழமை ஃபேக்ஸிலேயே பதில் வந்தது. பட்டறையில் அப்பாவும் தானும் மட்டும்தான், இப்போது தான் மட்டும் என்று எழுதியிருந்தார். ‘அன்று உங்கள் பதிலைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. உங்கள் ஆர்டரை எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளிவிட்டேன். இப்போது மேலே எடுத்துவிட்டேன்.’

அவள் கடிதத்தோடு மேனேஜர் அறைக்குப் போனாள்.

“எனக்கு எழுதத்தான் வரும் சார். பேசினா ஒண்ணும் புரியாது.”

“ஆறு வருஷமாவா?”

“ஆமா சார்.”

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். “சரி, உருளை எப்ப வருது, அதைச் சொல்லும்மா” என்றார்.

பதினெட்டு நாளில் வந்தது. அதற்கப்புறமும் அந்த மனிதர் எப்போதாவது கூப்பிடுவார். மெதுவாகப் பேசும்படி அவள் முதலிலேயே சொல்லிவிடுவாள். அவரும் மெதுவாகத்தான் பேசுவார். பாதி புரியும். மீதியை எழுதி அனுப்பச் சொல்வாள்.