யாருமில்லை என்று எழுதமாட்டேன்

2024 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். சோறும் பீன்ஸ் பொரியலும் ஆக்கி இரண்டு தூக்குகளில் அடைத்தேன். ஆறு நாற்பதுக்கு மூணாறு தேயிலைத் தொழிற்சாலைக்கு ஜீப். மாலை நாலு மணி வரை தூள் சலிக்கும் பிரிவில் நின்றேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி, காயாத துணிகளை உள்ளே எடுத்துப் போட்டேன். அதுவரை அது மற்ற நாட்களைப் போல ஒரு நாள்தான்.

ஏழு மணிக்குக் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து வந்தார்கள். அவர்கள் சேர்ந்து வந்தால் எங்கோ நின்று பேசி முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள் என்று பொருள். தம்பியின் கையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது.

விஷயம் அவர்களுடைய மூத்த அண்ணனைப் பற்றியது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். குடிப்பவர். பொங்கலுக்கு முந்தின நாள் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இங்கே நோயாளியோடு ஒருவர் இருந்தே ஆகவேண்டும், பைஸ்டாண்டர் என்பார்கள். புரட்டிப் போட, கஞ்சி ஊட்ட, மருந்துச் சீட்டோடு ஓட. முதல் நாலு நாள் தம்பிகள் மாறி மாறி இருந்தார்கள். அதன்பின் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியிடம் "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நழுவினார்கள்.

"மதினி, நாளைக்குக் காலைல பஞ்சாயத்து மெம்பர் கைல குடுக்கணும்" என்றார் தம்பி. "ஒங்க எழுத்துதான் அச்சடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டே வரி. இவருக்குச் சொந்தம்னு யாருமில்ல, அகதி மந்திரத்துல சேத்துக்கணும்னு."

அகதி மந்திரம் என்பது ஆதரவற்றவர்களுக்கான விடுதி. லயத்தில் ரேஷன் கார்டு முதல் தண்ணீர்க் குழாய் வரை எல்லா மனுவும் என் கையெழுத்தில்தான் போகும்.

"யாருமில்லன்னா, நீங்க ரெண்டு பேரும் யாரு?"

"அது ஒரு பேச்சுக்கு, மதினி. அப்பிடி எழுதுனாத்தான் எடுப்பாங்க."

"பேச்சுக்குன்னா பேசிக்கோங்க. என் எழுத்துல அது வராது."

கணவருக்குக் கோபம் வந்தது. "ரொம்பப் பேசாத. வாசல்ல நின்னு ஒன்னய அவன் பேசாத பேச்சா? செத்தா நிம்மதின்னு நீயே சொன்னவதான?"

சொன்னேன். தேதியோடு என் டைரியில் இருக்கிறது. அவர் குடித்துவிட்டு எங்கள் கதவை உதைத்த நாட்களும் இருக்கின்றன. பிடித்தவர் என்பதால் நான் மறுக்கவில்லை. இன்றுவரை அவரைப் பிடிக்காது. ஆனால் இல்லாதவர்களை இருப்பதாகவோ, இருப்பவர்களை இல்லையென்றோ நான் எழுதியதில்லை.

தாளை வாங்கி எழுதினேன். எழுதியதைப் படித்தும் காட்டினேன்: "இவருக்கு உடன்பிறந்தோர் மூவர். தங்கை போடியில், சொந்த வீட்டில். ஒரு தம்பி ஜீப் வைத்திருக்கிறார். இன்னொரு தம்பி தோட்டத் தொழிலாளி, என் கணவர். மூவரும் நல்ல உடல்நிலையில் இருக்கிறார்கள். மூவருக்கும் இவரைப் பார்த்துக்கொள்ள விருப்பமில்லை."

"கீழ கையெழுத்துப் போடுங்க. நானே கொண்டுபோய்க் குடுக்கேன்."

"இதக் குடுத்தா மெம்பர் மூஞ்சில துப்புவாரு, மதினி."

"துப்பட்டும். யார் மூஞ்சின்னு தேடக் கூடாதுல்லா, அதான் வெவரமா எழுதிருக்கேன்."

"அப்ப நீயே போய் அவனப் பாரு" என்றார் கணவர்.

"மாட்டேன்."

இதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் வாயைத் திறக்கிறவள் தலையில்தான் வேலை விழும். ஒன்று நான் எழுதித் தருவேன், இல்லையென்றால் நானே சுமப்பேன் என்று நம்பித்தான் வந்திருந்தார்கள்.

"கைகழுவணும்னா நீங்களே எழுதுங்க. எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கீங்கல்லா?" பேனாவைக் கணவரிடம் நீட்டினேன். தாளின் மறுபக்கத்தில் அண்ணன் பெயரை எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நான் உதவவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து அந்தத் தாளிலேயே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். ஆஸ்பத்திரியில் யார் என்றைக்கு இருப்பது என்று: கிழமை, நேரம், பெயர். ஞாயிறு எனக்கு விடுமுறை, அந்த ஒரு நாள் முறை மட்டும் என்னுடையது. மீதி அவர்களுடையது. சனிக்கிழமைக்காகப் போடிக்குப் போன் செய்தேன். நாத்தனார் அழுதாள். அழுது முடியும் வரை காத்திருந்து, எத்தனை மணி பஸ்ஸில் வருகிறாள் என்று கேட்டேன்.

"என்ன மதினி, பள்ளிக்கூட டைம்டேபிளா?"

"ஆமா. லேட்டா வந்தா முட்டி போடணும். இன்னிக்கு ராத்திரி ஒங்களுக்கு. கெளம்புங்க."

முணுமுணுத்துக்கொண்டே சால்வையைப் போர்த்திக்கொண்டு தம்பி ஜீப்பைக் கிளப்பினார்.

புதன்கிழமைக்கு நேராகக் கணவரின் பெயர். "நாளைக்கு மருந்தடிக்கிற வேல இருக்கு" என்றார்.

"லீவு சொல்லுங்க. அண்ணனுக்கு முடியலன்னு சொல்லுங்க. ஒரு அண்ணன் இருக்காருன்னு சூப்பர்வைசருக்காவது தெரியட்டும்."

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அவர் மேலிருந்த கம்பளியை உருவி மடித்து வைத்தேன்.