கொடியில் காய்ந்த சட்டை

பழைய வீடு நல்ல விலைக்குப் போக வேண்டுமானால் அதில் குடும்பம் நடக்கிற மாதிரி தெரிய வேண்டும். அந்தக் குடும்பமாக இருப்பதுதான் என் வேலை.

கரந்தையில் ஒரு ஓட்டு வீடு. சொந்தக்காரர்கள் சிங்கப்பூரில். பூட்டிக் கிடந்தால் கரையானும் வௌவாலும் குடியேறிவிடும் என்று புரோக்கர் அண்ணன் என்னைக் கொண்டுவந்து வைத்தார். வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. கூட்டித் துடைத்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, வருகிறவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். விற்றதும் கிளம்பிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் எங்களை விட்டுவிட்டுப் போனதிலிருந்து நானும் என் பெண்ணும் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். இங்கே தெருக்கோடியிலேயே பள்ளிக்கூடம், நாலாவதில் சேர்த்திருந்தேன். முழுப் பரீட்சை வரைக்குமாவது வீடு விற்கக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டே, விற்கிற மாதிரி பளபளவென்று துடைத்து வைத்தேன். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

காலண்டர்

அடுப்படிச் சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் நிற்காது. புரோக்கர் அண்ணன் பெரிய தினசரி காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தை மறைத்து மாட்டினார்.

ரிட்டயர் ஆன ஒரு சார் வந்தார். வேறு எதையும் உற்றுப் பார்க்கவில்லை. காலண்டரில் தேதி பழையதாக இருப்பது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. தாளைக் கிழித்தார். அது நனைந்து அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். காலண்டர், ஆணி, கைப்பிடிக் காரை எல்லாம் சேர்ந்து வந்தன. அவர் கையை உதறிக்கொண்டு சொன்னார்: "தேதி கிழிக்கப் போனா சுவரே வருதேம்மா."

துபாய்க்காரர்

அடுத்து வந்த அம்மா, கூடத்தில் நின்றபடியே, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. கிணற்றைக்கூட எட்டிப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். வாழாத பெண் விளக்கேற்றுகிற வீடு விளங்காது என்று புரோக்கர் அண்ணனிடம் சொன்னாராம்.

மறுநாள் அண்ணன் ஒரு நீலநிற முழுக்கைச் சட்டையோடு வந்தார். "பார்ட்டி வர்றப்பல்லாம் இதை நனைச்சுக் கொடியில போடு. கேட்டா துபாய்ல இருக்கார், இப்பத்தான் லீவுல வந்துட்டுப் போனார்னு சொல்லு."

"எனக்குப் பொய் சொல்ல வராதுண்ணே."

"நீ எங்கம்மா வாயத் திறக்கப் போற? சட்டை பேசிக்கும்."

தூண்

கூடத்துத் தூண்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்ததில் தோள்பட்டை கழன்றுவிட்டது. அன்றைக்கு அதிராம்பட்டினத்திலிருந்து வந்தவர், கையில் டேப்போடு வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் மனையை மட்டும் அளந்தார். தூணைத் தொட்டுவிட்டு, எண்ணெய் பட்ட விரலை அதிலேயே துடைத்தார். ரொம்பப் பரிவாகத்தான் சொன்னார்: "எதுக்கும்மா சிரமப்படுறீங்க, இடிக்கத்தானே போறோம்." நல்லவேளை, அவருக்கு விலை படியவில்லை.

காய்ச்சல்

ஒருநாள் பெண்ணுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பாயில் சுருண்டு கிடந்தாள். பார்ட்டி வருகிறார்கள் என்று போன் வந்தது. சீக்குப் பிள்ளை கிடக்கிற வீடு என்று நினைப்பார்களாம். பாயைச் சுருட்டச் சொன்னார் அண்ணன். புத்தகப்பையும் பாயும் பரணுக்குப் போயின. பிள்ளையைக் கொல்லையில் கிணற்றடிக்கு அனுப்பினேன்.

வந்தவர்கள் போனதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். கொடிக்கு அடியில் நிழல் என்று உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் நனைத்துப் போட்ட சட்டை அவள் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டபோது கேட்டாள்: "அம்மா, இதைப் போடுறவங்க எப்ப வருவாங்க?"

பின்கட்டு அறை

கடைசியில் சீர்காழிக்காரர்கள் வாங்கினார்கள். பையன் இங்கே மெடிக்கல் காலேஜில் படிக்கிறானாம். அந்த அக்கா நல்ல மாதிரி. கோலத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கொடியையும் பார்த்தார், அண்ணன் எடுத்துவிட்ட துபாய்க் கதையையும் கேட்டார். "குடும்பம் நல்லா இருந்த வீடுன்னு பாத்ததுமே தெரியுது" என்று அங்கேயே முடிவு பண்ணினார். மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார்கள். பரீட்சை அடுத்த மாசம்.

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். பிள்ளைக்காகப் போய் நின்றேன். "அக்கா, பின்கட்டுல அந்தச் சின்ன அறை போதும். பரீட்சை முடியற வரைக்கும். வாடகை குடுத்துடறேன்."

அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். அந்தச் சட்டைக்கு ஆளே கிடையாது என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்திலேயே புரோக்கர் அண்ணன் என்னைப் பார்த்தபடி நின்றார். அக்கா சொன்னார்: "துபாய் சம்பாத்தியத்தை வச்சுக்கிட்டு இந்த இருட்டு ரூம்ல எதுக்குக் கெடக்கணும்? வீட்டுக்காரர்கிட்ட நல்ல வீடா பாக்கச் சொல்லுங்க."

இப்போது பெண் தம்பி வீட்டிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் பரீட்சை எழுதப் போகிறாள். சட்டை அடுப்படியில் கரித்துணியாகிவிட்டது. துபாய்க்காரரால் குடும்பத்துக்கு ஆன உதவி அது ஒன்றுதான்.