அக்காள் பெயரில் ஒரு சூதாட்ட வீடு

குறுக்குத்துறைக் கல்மண்டபத்தில் ஆண்பிள்ளைகள் சீட்டாடிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருப் பெண்களுக்கு அதனால் அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போவோம், ஈரத்துணியோடு திரும்பும்போது இன்னும் வேகமாக நடப்போம். அவர்கள் சத்தம் அவர்களோடு. தோற்றவன் வீட்டில் சாயங்காலம் ஒரு சண்டை நடக்கும். மறுநாள் பழையபடி மண்டபத்துக்குப் போய்விடுவான்.

அதை ஒழிக்கவேண்டும் என்று கிளம்பியவர் என் அப்பா. அவர் பெஞ்சு மாஜிஸ்திரேட்டு. சம்பளம் கிடையாது, கௌரவ உத்தியோகம். ஊரில் நாலு பெரிய மனிதர்களைச் சர்க்கார் பொறுக்கி எடுத்து, தெருவில் அசுத்தம் செய்கிறவன், வண்டியை நடுவில் நிறுத்துகிறவன், குடித்துவிட்டுக் கத்துகிறவன் இவர்களையெல்லாம் விசாரித்து அபராதம் போடச் சொல்லியிருந்தது. அப்பாவுக்கு அந்த வேலையில் இருந்த பிரியம் பூஜையில்கூட இருந்ததில்லை. நகரங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பொது இடத்தில் பணம் வைத்து ஆடினால் குற்றம். மண்டபம் பொது இடம். போலீஸ்காரர்கள் தொடர்ந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள், அப்பா தொடர்ந்து அபராதம் போட்டார், மண்டபம் காலியாகிவிட்டது. ஊரே அவரைப் புகழ்ந்தது. ஆடினவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கே போவார்கள்? வீடுகளுக்குள் வந்தார்கள். அதே சட்டத்தில், சொந்த வீட்டில் நாலு சிநேகிதர்கள் உட்கார்ந்து ஆடினால் குற்றம் இல்லை. வீட்டுக்காரன் அந்த ஆட்டத்தில் தனக்கென்று பங்கு எடுத்தால்தான் அது சூதாட்ட வீடு. இதை எழுதியவர்கள் யாரும் சமையலறையில் நின்று, பக்கத்து அறையிலிருந்து மங்காத்தா ஆடுகிறவர்கள் போடும் கூச்சலைக் கேட்டவர்கள் இல்லை. ஆற்றங்கரையில் கிடந்த சனியனைத் தூக்கி எங்கள் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊர் சுத்தமாகிவிட்டது என்றார்கள்.

அப்படி அது வந்து சேர்ந்த வீடுகளில் ஒன்று என் அக்காள் வீடு. அத்தான் எங்கள் அத்தை மகன்தான். கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நல்லவர் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. அவர்கள் குடியிருந்த வீடு அக்காளுக்கு அப்பா சீதனமாகக் கொடுத்தது. பத்திரமே அவள் பெயரில்தான் இருந்தது. "நாளைக்கு எவனும் உன்ன வெளிய போன்னு சொல்ல முடியாதுட்டி" என்று அப்பா கல்யாணத்தின்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்து எனக்கும் கல்யாணமாகி ஏரலில் புருஷன் வீட்டுக்குப் போனேன். பிறகு அவர் காய்ச்சலில் போய்விட, தாலியை இழந்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தேன். தெருவுக்கு இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அக்காள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் அவள் வீட்டு முன்னறை நிரம்பிவிடும். வெற்றிலை கொண்டுபோய் வைக்கவேண்டும், மோர் கொண்டுபோய் வைக்கவேண்டும், வந்தவன் யார் எவன் என்று கேட்கக்கூடாது. அக்காள் அழுது பார்த்தாள். பட்டினி கிடந்து பார்த்தாள். கடைசியில் அப்பாவிடமே வந்து சொன்னாள்.

"அவுக ஆடுறத நிறுத்தச் சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா கேப்பாக."

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெருவுல நின்னா ஆடுதான்? வீட்டுக்குள்ளதான ஆடுதான். கண்ணு முன்னால இருக்கான்னு சந்தோஷப்படு."

மண்டபத்தில் ஆடினவர்களுக்கு அவர் பெஞ்சில் உட்கார்ந்து செய்த உபதேசங்களை வீட்டில் அவரே திரும்பச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். குடும்பம் என்னவாகும், குழந்தைகள் என்னவாகும் என்றெல்லாம் பேசுவார். மருமகன் விஷயத்தில் குடும்பமும் இல்லை, குழந்தைகளும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அக்காள் அந்தக் காரியத்தைச் செய்தாள். எங்கள் பக்கத்துப் பெண் எவளும் செய்யக்கூடியதுதான். ஒரு செம்பை எடுத்து விளக்கி, வாயில் மஞ்சள் துணியைக் கட்டி, நடுவில் காசு போகிற அளவுக்குக் கீறி, காந்திமதியம்மனுக்கு என்று நேர்ந்து முன்னறை மாடத்தில் வைத்தாள். அத்தான் ஆட்டத்தை விட்டுவிடவேண்டும் என்பது வேண்டுதல். அதற்குக் காணிக்கை அந்த ஆட்டத்திலிருந்தே வரவேண்டும் என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். "ஜெயிக்கிறவுக அம்மனுக்குப் போட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். அம்மன் பெயரைக் கேட்டபின் அவர்களுக்கு ஆடக் கூசும் என்று நினைத்தாள், பாவம்.

அவர்களுக்குக் கூசவில்லை. இன்னும் தைரியம் வந்தது. ஜெயித்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு காசைப் போட்டான். தோற்றவன் அடுத்த சீட்டு நன்றாக விழவேண்டும் என்று அவனும் போட்டான். அம்மனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அக்காளிடம், "அந்தச் செம்ப எடுத்துரு அக்கா, பாக்கவே சகிக்கல" என்று சொன்னேன். நேர்ந்து வைத்ததை வேண்டுதல் பலிக்குமுன் எப்படி எடுப்பது என்றாள். அவள் சொன்னதும் எங்கள் வழக்கப்படி சரிதான். அப்படி எடுக்கிற பெண் எங்கள் தெருவில் கிடையாது.

தோற்றுப்போனவன் எவனோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிள்களும் வந்து நின்றார்கள். சீட்டுக்கட்டு கிடைத்தது, சமுக்காளத்தில் கிடந்த காசு கிடைத்தது. அதெல்லாம் சிநேகிதர்கள் ஆடினது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் மாடத்தைப் பார்த்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதில் காசு விழுகிறது என்று ஒருவன் உளறிவிட்டான். வீட்டுக்காரர் எடுக்கும் பங்கு என்று எழுதிக்கொண்டு, மஞ்சள் துணியோடு செம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூட்ஸ் காலோடு நின்று அதைத் தொட்டார்களே என்று அக்காள் அன்றைக்கு அழுததுதான் எனக்கு இப்போதும் ஆறவில்லை. அவளுக்கு வரப்போகிற ஆபத்து அவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே வக்கீல் அப்பா வீட்டுக்கு வந்தார். அத்தான் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சூதாட்ட வீடு வைத்ததாகத் தண்டனை ஆனால் கச்சேரி உத்தியோகம் போய்விடும். அதுதான் பேச்சு. வக்கீல் வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். "வீடு உங்க மக பேருல இருக்கு. செம்பும் அவுக வச்சது. மாப்பிள்ளை பின்கட்டுல தூங்கிக்கிட்டிருந்தாருன்னு சொல்லிக்கலாம். இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசுதேன்."

அம்மாதான் கதவோரத்திலிருந்து, "அப்ப குத்தம் ஆருமேல வரும்?" என்று கேட்டாள்.

"அபராதத்தோட போயிரும்" என்றார் வக்கீல்.

அப்பா சொன்னார்: "பொம்பளப் பிள்ளைக்கு என்ன உத்தியோகமா இருக்கு, போறதுக்கு?"

இதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. நன்றாக யோசித்துச் சொன்னார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. அத்தான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்து, வேண்டாம் மாமா, நான்தான் ஆடினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்றைக்கு நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

மருமகன் வீட்டு வழக்கு என்பதால் அப்பா பெஞ்சு அதை விசாரிக்கவில்லை. நேர்மை பாருங்கள்! சப் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போயிற்று. வில்வண்டியில் படுதா கட்டி அக்காளை அழைத்துப் போனோம். துணைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது, கோர்ட்டுக்கு வரலாம்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்று வக்கீல் சொல்லி வைத்திருந்தார். செம்பு மேஜைமேல் இருந்தது. மஞ்சள் துணியை அவிழ்த்திருந்தார்கள்.

"இது யாருடைய செம்பு?" என்று மாஜிஸ்திரேட்டு கேட்டார்.

"அம்மனோடது" என்றாள் அக்காள்.

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டு சிரிக்கவில்லை. "மாடத்தில் வைத்தது யார்?"

"நாந்தான்."

"எதற்காக வைத்தாய்?"

அவள் வாயைத் திறந்தாள். வக்கீல் சட்டென்று எழுந்து, செம்பை வைத்ததை அந்த அம்மாளே ஒப்புக்கொண்டபின் மற்றது வேண்டியதில்லை என்றார். எதற்காக என்று அவள் சொன்னால் அத்தான் ஆடுகிறவர் என்பது வெளியே வந்துவிடும், பின்கட்டுத் தூக்கம் கலைந்துவிடும். அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்குச் சொந்தக்காரி, ஆட்டத்தில் பங்கு எடுத்தவள், சூதாட்ட வீடு நடத்தியவள் என்று தீர்ப்பு எழுதி அபராதம் போட்டார்கள். செம்பும் காசும் சர்க்காருக்குப் பறிமுதல்.

அந்த ஊரில் சூதாட்டத்தை அவளைப்போல் வெறுத்தவர்கள் யாரும் இல்லை. சட்டத்துக்குக் கிடைத்த சூதாட்டக்காரி அவள்தான்.

அபராதத்தோடு போகவில்லை. திருமண வீடுகளில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடுவது நின்றது. என்னை ஒதுக்கினார்கள் என்றால் அது காலங்காலமாக உள்ள கொடுமை. சுமங்கலியான அவளையும் என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். படித்துறையில் எதிர்ப்படுகிற பெண்கள் நின்று பேசமாட்டார்கள். "சூதாட்ட வீட்டுக்காரி" என்று அவள் காதுபடவே சொன்னாள் ஒருத்தி. அவள் புருஷன் அந்த முன்னறையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தவன்.

ஆனித் திருவிழாவுக்குப் போனபோது தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள், முள் நிற்கிற எண்ணில் காசு வைத்தவனுக்குப் பரிசு. கூட்டம் நெருக்காமல் கான்ஸ்டபிள் ஒருவர் தடியோடு ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இது எப்படி என்று கேட்டேன். முனிசிபாலிட்டியில் இடத்தை ஏலம் எடுத்து நடத்துகிறார்கள், அனுமதி உண்டு என்றார்கள். சர்க்காருக்குப் பங்கு வந்தால் திருவிழா, அம்மனுக்குப் பங்கு போனால் குற்றம். நான் அங்கேயே வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அத்தானுக்குக் கச்சேரியில் மேல் உத்தியோகம் கிடைத்தது. அப்பா அவரை ஊர்ப் பெரிய மனிதர்கள் கிளப்பில் சேர்த்துவிட்டார். அங்கே டென்னிஸும் உண்டு, சீட்டும் உண்டு, சீட்டுக்குப் பணமும் உண்டு. அங்கே யாரும் பங்கு எடுப்பதில்லை, சந்தா கட்டுகிறார்கள். ஆகவே அது சூதாட்ட வீடு இல்லை. மாமனாரும் மருமகனும் ஒரே மேஜையில் ஆடினார்கள். அக்காள் வீட்டு முன்னறை ஓய்ந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது என்று அத்தான் ஒருநாள் கேலி செய்தாராம். இதை அக்காள் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சில வருஷம் கழித்து, சூதாட்டச் சட்டத்தில் என்ன குறை, எப்படித் திருத்தலாம் என்று சர்க்கார் பெரிய மனிதர்களிடம் அபிப்பிராயம் கேட்டது. அப்பாவுக்கும் வந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், வக்கீல் குமாஸ்தா அதை இங்கிலீஷில் ஆக்கவேண்டும் என்று ஏற்பாடு. கீழ்த்தரமான ஜனங்கள் வீடுகளில் ரகசியமாக ஆடுவதைத் தடுக்கப் போலீசுக்கு இன்னும் அதிகாரம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அக்காளும் வந்திருந்தாள். மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"கிளப்பையும் அதுல எழுதுங்கப்பா" என்றாள்.

அப்பா நிறுத்தினார். "என்ன எழுத?"

"பங்கு எடுத்தாலும் சந்தா கட்டுனாலும் ஆட்டம் ஒண்ணுதான். தோக்குறவன் வீடும் ஒண்ணுதான். எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி எழுதுங்க."

அப்பா அவளைத் திட்டவில்லை. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்: "இதுக்கெல்லாம் ஆருகிட்டக் கேக்கணும்னு சர்க்காருக்குத் தெரியும்மா. அந்தக் கேசுல தண்டனை ஆனவ சொல்லுதான்னு நான் எழுதவா முடியும்?"

அக்காள் காலியான தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் அப்பாவுக்கு வண்டி பூட்டுகிற சத்தம் கேட்டது.

"வாஸ்தவம்ப்பா" என்றாள். "தண்டனை ஆகாதவுக எல்லாரும் இந்நேரம் கிளப்புல இருப்பாக. அங்கன போய்க் கேட்டு எழுதுங்க."

அப்பா அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, கிளப்புக்குத்தான் போனார்.