நான்காம் பக்கத்துக் குறிப்புகள்

அவளுக்கு வீட்டில் ‘கேள்வி’ என்று பெயர். வைத்தவர் அப்பா. பேருந்து ஓட்டுகிறவர்; ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று தலைக்கு மேல் எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளியவர். வீட்டில் அந்த எழுத்து செல்லுபடியாகவில்லை.

அச்சகத்தில் நான்கு வருஷம் பிழை திருத்திய மகள், இருபத்தாறு வயதில் பல்கலைக்கழகம் போய் இதழியலும் பெண்ணியலும் சேர்த்துப் படிக்கப் போவதாக அறிவித்தபோது, அப்பா பாதியை ஒப்புக்கொண்டார்.

“பத்திரிகை சரி. பெண்ணியல்ல படிக்க என்ன இருக்கு? பொறந்ததுலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்க?”

“நீங்களும் சின்ன வயசுலேர்ந்து ரோட்டுலதான் போறீங்க. லைசென்ஸுக்குப் படிக்கலையா?”

அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபது வருஷமாகக் காலர் தைக்கிற அம்மா, யாருக்கும் தெரியாமல் சிரித்தாள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைகளும் ஒரே மாடியில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே தலைவர். பெண்ணியலுக்குத் தகுதியான ஆள் கிடைக்கிற வரை இதழியல் பேராசிரியரே பொறுப்பு என்று உத்தரவு. பதினோரு வருஷமாக ஆள் கிடைக்கவில்லை. அவர் தேடியதாகவும் தகவல் இல்லை. அறுபத்து நான்கு மாணவிகளின் விடுதலையை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தார், பாவம்.

அந்த மாடியில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை உண்டு. அதற்கு ஒரு பூட்டும் உண்டு. வருகை தரும் விருந்தினர்களுக்காக அது பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது தலைவரின் ஏற்பாடு. விருந்தினர்கள் வருஷத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். மாணவிகளுக்குத் தடையொன்றும் இல்லை. தலைவர் அறைக்குப் போய், ஒரு நோட்டில் பெயர், நேரம், காரணம் எழுதிச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். காரணக் கட்டத்தில் எல்லாரும் ‘சொந்த வேலை’ என்று எழுதினார்கள். நம் கேள்வி மட்டும் ‘தலைவர் அறியாததல்ல’ என்று எழுதினாள். அன்று முதல் அவளுக்கு மட்டும் சாவி கிடைக்கத் தாமதமானது. ஆண்கள் கழிப்பறைக்குப் பூட்டே கிடையாது. அந்தக் கதவைச் சாத்தியே பல காலம் ஆகிறது.

ஒருநாள் காலை அவள் தண்ணீர் பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

“பாட்டில் எடுக்கலையா?” என்றாள் அம்மா.

“இப்பல்லாம் தாகம் எடுக்கறதில்லம்மா.”

 அம்மாவின் கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு ஒரு தடவைதான் எழுந்து போகலாம். அதற்காகவே தண்ணீர் குடிப்பதை விட்டவள் அவள். இரண்டு தடவை சிறுநீரகக் கல் வந்து ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தவள்.

“நான் பழகிக்கிட்டேன்டி. நீ பழகிக்காத.”

கேள்வி திரும்பி வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே மாணவிகள் ஒவ்வொருவரையும் கேட்டாள். ஐம்பத்தொரு பேர் வகுப்பு நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. மாணவர் பத்திரிகைக்குச் செய்தியாக எழுதி, அதற்கும் பொறுப்பான தலைவரிடம் கொடுத்தாள். அது அவளுக்குக் கடைசிப் பருவம். பத்திரிகைக்கு அவள் செய்கிற வேலைக்கு மதிப்பெண் போடுகிறவரும் அவரே.

“மறுபக்கம் எங்கம்மா? செய்தின்னா ரெண்டு தரப்பும் வேணும்.”

“மறு தரப்பு நீங்கதான் சார். சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“நான் கருத்துச் சொல்ல விரும்பலை.”

“அதையே போட்டுடறேன்.”

“அப்போ செய்தி முழுசா இருக்காது. முழுசா இல்லாததை எப்படிப் போடறது?” என்று வருத்தப்பட்டார். “நீ பேசாம மகளிர் பக்கம் பண்ணு. வீட்டுக் குறிப்பு, அழகுக் குறிப்பு. அதுக்கு மறுபக்கமே தேவையில்ல பாரு.”

“சரி சார்,” என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னதற்கு அவர் பயந்திருக்க வேண்டும்.

பிழை திருத்திய கண்ணுக்கு ஒன்று தெரிந்திருந்தது. முதல் மூன்று பக்கங்களின் அச்சுப்படி தலைவரிடமிருந்து சிவப்பு மையில் குளித்துத் திரும்பும். மகளிர் பக்கமான நான்காவது, ‘படித்தேன், அச்சிடலாம்’ என்ற கையெழுத்தோடு கன்னி கழியாமல் வரும். போன மாதம் அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்தியபோது சோதனைக்காக, ‘வெள்ளரித் துண்டைக் கண்மேல் வைத்து இருபது வருடம் ஓய்வெடுக்கவும்’ என்று விட்டுப் பார்த்தாள். அப்படியே அச்சானது.

இந்த மாதம் நான்காம் பக்கத்தில் வந்தது: ‘தாகத்தை வெல்வது எப்படி? அறுபத்து நான்கு மாணவிகளின் எளிய குறிப்புகள்.’ காலையில் தேநீர் தவிர்க்கவும். மூன்று மணி நேரம் வரை கால்மேல் கால் போட்டு அமர்ந்தால் பாடம் நன்றாகப் பதியும். ஐம்பத்தொரு பேர் இம்முறையில் பலன் கண்டுள்ளனர். வயிற்றுவலி வந்தால் பலன் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அறியவும். முறை பிடிக்காதவர்களுக்குச் சாவி துறைத் தலைவரிடம் கிடைக்கும்.

துணைவேந்தர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறவர். அவர் மனைவி நான்காம் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர். மறுநாள் தலைவர் அறையில் தொலைபேசி நிற்காமல் அடித்தது.

“என் முதுகுக்குப் பின்னாடி இப்படிப் பண்ணலாமா?” என்றார் தலைவர்.

அவள் அச்சுப்படியை மேசையில் வைத்தாள். “முன்னாடி வெச்சுத்தான் சார் கையெழுத்து வாங்கினேன். படித்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

தலைவர் தன் கையெழுத்தை அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்தார். பிறகு பிடிமானம் ஒன்று கிடைத்தது.

“சாவி என்கிட்ட இருக்குன்னு எழுதியிருக்க. நான் என்ன அதை இடுப்புல சொருகிட்டா அலையறேன்? ரெண்டாவது டிராயர்ல கிடக்கு. திருத்தம் போடணும். போடலன்னா மார்க் கிடையாது.”

“கண்டிப்பா சார். இது உங்க கருத்துதானே? எழுதிக்கலாமா?”

அடுத்த இதழின் நான்காம் பக்கத்தைத் தலைவர் பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் படித்தார், மூன்று தடவை. பொய் ஒன்றும் அகப்படவில்லை. திருத்தம் கேட்டது அவரேதான்; கையெழுத்துப் போட்டார்.

‘திருத்தம்: பெண்கள் கழிப்பறைச் சாவி துறைத் தலைவரிடம் இருப்பதாகச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அது அவரது மேசையின் இரண்டாவது டிராயரில் இருப்பதாகத் தலைவர் தெரிவித்துள்ளார். தவறுக்கு வருந்துகிறோம்.’

நான்கு நாளில் தச்சர் வந்து பூட்டைக் கழற்றினார். கேள்விக்கு நாற்பது மதிப்பெண் கிடைத்தது. தேர்ச்சிக்குத் தேவையானதும் நாற்பதுதான். ஒன்று கூடப் போட அவருக்கு மனம் வரவில்லை.

பூட்டு கழன்ற மறுநாள் காலை அவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்தக் குறிப்பு வந்த பேப்பர் இன்னும் மிச்சம் இருக்கா?”

“இருக்கும்மா. எத்தனை வேணும்?”

“எங்க லைன்ல நாப்பது பேரு,” என்ற அம்மா, தன் பாட்டிலையும் நீட்டினாள். “சூப்பர்வைசருக்கு ஒண்ணு சேர்த்துக்கோ.”