நம்பர் இல்லாத அண்ணி

நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய அன்று, அண்ணி இஸ்திரி மேசையில் குனிந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? பையை அங்க வை. ஒரு ரிப்போர்ட்டர், சிரிக்கவே மாட்டார், மூக்கு மேல மச்சம். அவர் எந்த மாடியில உட்காருவார்னு யோசிச்சிட்டிருக்கேன்."

அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. ஆனால் அந்த வீட்டில் ஏதோ பரபரவென்று நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது போதும்.

விஷயம் இதுதான். பதினாலு வருஷம் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வேலை பார்த்த அண்ணி, போன மாதம் ராஜினாமா செய்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். கடைசி நாளில் முதலாளி கை நீட்டி, கம்பெனி கொடுத்திருந்த போனைக் கேட்டிருக்கிறார். சிம் கார்டோடு. அதில் பத்திரிகைக்காரர்கள், டிவிக்காரர்கள் என்று ஆயிரத்து இருநூறு எண்கள்.

"அந்தத் தொடர்பெல்லாம் கம்பெனியோட சொத்தும்மா. என் போர்டு இல்லாம உன்னை யாரு பார்க்க வருவா? ஆறு மாசம் கழிச்சுத் திரும்பி வா. நாற்காலி காலியா இருக்கும்."

அண்ணி போனை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாராம்: "தொடர்பு உங்களுதுதான் சார், வச்சுக்கங்க. பழக்கம் என்னோடது."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினாலு வருஷமும் போனே எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்ததால், அண்ணிக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டே இரண்டு: அவர் அம்மா வீடு, கேஸ் ஏஜென்சி.

"கேஸ்காரரையே கூப்பிடு," என்றார் என் அண்ணன். "சிலிண்டரை இறக்கி வச்சிட்டு அப்படியே பேட்டியும் எடுத்துட்டுப் போவார்."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கிண்டல் அடித்தாலும் இஸ்திரி மேசையை ஆபீஸ் மேசை உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தது அவர்தான்.

அண்ணியின் முதல் வாடிக்கையாளர் ஒரு வெல்டர். தன் மனைவிக்காகப் படியேறும் சக்கர நாற்காலி ஒன்றைச் செய்திருந்தார். அதை ஊருக்கே காட்ட வேண்டும். பழைய முதலாளியும் மோப்பம் பிடித்து அவருக்குப் போன் போட்டிருந்தார். வெல்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "மேடம், உங்களுக்கு மூணு வாரம். பத்திரிகைக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. வரலைன்னா நான் அவர்கிட்ட போயிடுவேன். தப்பா நினைக்காதீங்க."

தவறாக நினைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் போய்விட்டால், அண்ணி அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். வேறு வாடிக்கையாளர் இல்லை.

"யார்கிட்டயாவது கேட்டு நம்பர் எல்லாம் வாங்கிடலாமே?" என்றேன்.

"புது நம்பர்ல கூப்பிட்டா நான் யாரோ. நேர்ல போய் நின்னா நான்தான். வண்டியை எடு, ஊர்சுத்தி."

எடுத்தேன். பத்து நாள்! பத்திரிகை அலுவலகங்கள், வானொலி நிலையம், டிவிக்காரர்கள் வேன் நிறுத்தும் சந்து, கேமராமேன்கள் டீ குடிக்கும் கடை என்று சுற்றினோம். காலண்டர் தாளில் பாதிப் பேருக்குப் பெயர்கூட இல்லை. 'பத்தரைக்கு முன்னாடி பேசினா கடிப்பார்', 'பொண்ணுக்குக் கணக்குப் பரீட்சை', 'இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்காரணும்' இப்படித்தான் இருந்தது. நானும் பல நாடுகளில் பல வரைபடங்களை மடித்து விரித்தவள். இவ்வளவு நம்பகமான ஒன்றைப் பார்த்ததில்லை.

மச்சக்காரர் நாலாவது மாடியில் இருந்தார். மூச்சு வாங்க ஏறினோம்.

"என்ன அக்கா, பிரஸ் மீட்டா?"

"இல்ல சார். வேலையை விட்டுட்டேன், சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இது என் புது நம்பர்."

"சும்மா சொல்லிட்டுப் போறதுக்கு யாராவது நாலு மாடி ஏறுவாங்களா? லிஃப்ட் வேற செத்து ஒரு மாசம் ஆச்சு."

அண்ணி அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டார். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது அண்ணனின் கம்பெனிதானாம். புகார் எந்தக் காகிதத்துக்கு அடியிலோ தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் லிஃப்ட் ஓடியது.

"நீ பழக்கம் பிடிக்க நான் ஸ்குரூ பிடிக்கணுமா?" என்று அண்ணன் கத்தினார்.

பத்து நாளும் அண்ணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. பதினோராம் நாள், நேரில் வாங்கி வைத்திருந்த நம்பர்களுக்கெல்லாம் ஒரு வரி அனுப்பினார்: வியாழக்கிழமை பதினோரு மணி, சின்ன மண்டபம், படியேறும் நாற்காலி, வந்தால் சந்தோஷம்.

வியாழன் பதினொன்றே கால். முப்பது நாற்காலி போட்டிருந்தோம். உட்கார்ந்திருந்தவர்கள் நானும் மண்டபத்துக் காவலாளியும். ஊரே எதிர்பார்த்த ஒரு வழக்கின் தீர்ப்பு திடீரென்று அன்றைக்கு என்று அறிவித்துவிட்டார்கள். ரிப்போர்ட்டர்கள் அத்தனை பேரும் நீதிமன்ற வாசலில்.

வெல்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்தார். அவர் பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், வாய்க்குப் பூட்டு கிடையாது. "புதுப்புடவை கட்டிட்டு வந்தேன். இந்த வாட்ச்மேன் மட்டும்தான் பார்த்தார்," என்றார்.

வெல்டரின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவர் முகம் மாறியது. பழைய முதலாளிதான். அவர் எடுக்கவில்லை. ஆனால் கட் பண்ணவும் இல்லை.

அப்போது அண்ணியின் போனும் அடித்தது. டீக்கடைக் கேமராமேன்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. வர முடியல. இங்க தீர்ப்பை மூணு மணிக்குத் தள்ளி வச்சிட்டாங்க. இடத்தை விட்டு நகரவும் முடியாது. நாற்பது பேர் ஈ ஓட்டிட்டு நிக்கிறோம்."

"எங்க நிக்கிறீங்க தம்பி?"

"எதிர்ல லைப்ரரி நிழல்ல."

"லைப்ரரிக்குப் படி இருக்குல்ல?"

"இருக்கே. ஏன்?"

அண்ணி போனை மூடிவிட்டு வெல்டரைப் பார்த்தார். "நாற்காலியை உங்க வண்டியில ஏத்துங்க. சீக்கிரம்!"

சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வழியிலேயே கேமராமேனின் போன் மூலம் நூலக அதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார். பன்னிரண்டுக்கு நாங்கள் நூலக வாசலில். பதினாறு படிகள். காத்துக் காத்து அலுத்துப் போயிருந்த நாற்பது பேரும் சட்டென்று நிமிர்ந்தார்கள்.

வெல்டரின் மனைவி விசையை அழுத்தினார். ஒன்று. இரண்டு. சக்கரங்கள் தவளை மாதிரி எம்பி எம்பி ஏறின. ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது படியில் நாற்காலி நின்றுவிட்டது.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

"எல்லாரும் ஏன் இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றார் நாற்காலியில் இருந்தவர். வெல்டர் ஓடி வர, மனைவி கை காட்டி நிறுத்தினார். "நீ தொடாதே! தொட்டா நீ தூக்கிட்டுப் போனேன்னு எழுதிடுவாங்க."

அவரே ஒரு படி பின்னால் இறக்கினார். சாய்வைச் சரிசெய்தார். மறுபடி விசை. ஒன்பது! பத்து! யாரோ எண்ண ஆரம்பிக்க, கூட்டமே சேர்ந்து எண்ணியது. பதினாறில் கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருத்தர் விசிலே அடித்துவிட்டார்.

பிறகு கேள்விகள். எடை என்ன, பேட்டரி எத்தனை மணி நேரம், மழையில் ஓடுமா? மண்டபத்துக்கு வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் கிளம்பியிருப்பார்கள். இங்கே மூன்று மணி வரை போக வேறு இடமே இல்லை. கன்னத்தில் ஒரு கையை வைத்தபடி மச்சக்காரர் நாலு கேள்வி கேட்டார்.

நடுவில் வெல்டரின் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். "சார், அப்புறம் பேசுறேன், டிவியில பேசிட்டிருக்கேன்." மறுபடியும் அடித்தது. அதைப் பிடுங்கி அவர் மனைவி பேசினார்: "நாங்க ஆள் பார்த்துட்டோம் சார். வச்சிடுறேன்."

அண்ணி நூலகச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேமராமேனுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்.

மறுநாள் மூன்று பத்திரிகைகளில் படம் வந்திருந்தது. மச்சக்காரரின் பத்திரிகையில் மட்டும் ஒரு வரிகூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்ட் எல்லாம் ஓட வைத்தோமே!

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வண்டியை எடு. மச்சக்காரர் ஆபீசுக்கு."

"ஏன் போடலைன்னு கேட்கவா?"

"சீ, அதை மட்டும் கேட்கவே கூடாது. நேத்து பூரா அந்த மனுஷன் கன்னத்தைப் பிடிச்சுட்டே நின்னார், நீ பார்க்கலையா? பல்வலி. எனக்கு ஒரு நல்ல டாக்டர் பழக்கம்."