அண்ணன் காலில் பூத்த பூசணம்

எட்டாவதோடு நின்றுவிட்ட நான் ஆஸ்பத்திரி சமாச்சாரம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சிறுநீரகம் என்னுடையது. எண்பதுகளில் அண்ணனுக்குக் கொடுத்தேன். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

கொடுத்ததிலிருந்து ஜமுனாமரத்தூர் சந்தையில் அவனுக்கு மரியாதை போய்விட்டது. "தங்கச்சி கிட்னி வச்சிக்கினு இனிமே கோலம் போடுவியா மாமா?" என்பான் அண்ணியின் தம்பி.

"உன் வூட்டு வாசல்லயே போடறேன், வாடா" என்பான் அண்ணன்.

உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை. அந்த மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்பதால், வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அண்ணன் குளிக்கும்போதுகூடச் செருப்பைக் கழற்றவில்லை. சாமை அடிக்கிற களத்தில் மட்டும் கழற்றினான். தானியம் குவித்த களத்தில் எங்கள் மலையில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள்.

"நீ போட்டுக்க மாமா, சாமி கோச்சிக்காது" என்றான் மச்சினன்.

"சாமி கோச்சிக்காதுடா. நீதான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்ப."

ஒருநாள் அங்கே காலில் முள் ஏறியது. ஊக்கால் நெம்பி எடுத்துப் போட்டான். சில மாதங்களில் பாதத்தில் நாவற்பழம் போல ஒரு கட்டி. வலியே இல்லை. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் துணுக்கு வெட்டிப் பார்த்தார்கள். மண்ணிலும் முள்ளிலும் இருக்கிற கறுப்புப் பூசணமாம். மனிதத் தோலில் இப்படி வேர் பிடிப்பது அபூர்வம் என்று டாக்டர் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டினார்.

"பூசணம் பூக்க நான் இன்னா ஊசிப்போன களியாங்க?" என்றான் அண்ணன்.

மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கட்டியை முழுதாக வெட்ட வேண்டும். பூசணம் பரவாமல் இருக்க மாத்திரையையும் குறைக்க வேண்டும். குறைத்தால் சிறுநீரகம் கெட்டாலும் கெடலாம் என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "உன் பொருளு. நீ இன்னா சொல்ற?"

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். என்னால் முந்தானையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

"நீயே போய்ட்டா அது மட்டும் எங்கண்ணா குடியிருக்கும்? கொறைக்கச் சொல்லு" என்றேன்.

"இம்மாம் பேச்சு பேசுவியா நீ?" என்றான்.

அன்றைக்கே மாத்திரையைக் குறைத்தார்கள். மறுநாள் காலை கட்டியை வெட்டி எடுத்தார்கள். சாயங்காலம் சிறுநீர் வழக்கம்போல் இறங்கியது. அண்ணன் இரண்டு இட்லி சாப்பிட்டான்.