தாசில்தாருக்குப் போட்ட மாலை

தோவாளையில் அவரை ஒருமுறைதான் பார்த்தேன். பூமாலை கட்டுகிறவர். நல்ல தொந்தி, காதில் கடுக்கன். பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் கையிலிருக்கும் வாழைநாரைப் பல்லில் கடித்துக்கொள்வாராம். நாரைக் கடித்திருக்கும் மனிதரிடம் என்ன பேச முடியும்?

பிச்சித் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இரண்டாவது செங்கல்சூளை வைக்க ஒருவர் மனுக் கொடுத்திருந்தார். இருக்கிற சூளையின் புகையிலேயே பூ கறுத்து விலைபோகவில்லை என்று ஊரே திரண்டு நின்றது. இடம் பார்க்க வந்த தாசில்தாரோ, "புகை மேலேதானே போகும்?" என்று சிரித்தார். அவருடைய குமாஸ்தா நான்.

மாலைக்காரர் முன்னால் வந்தார். "எஜமான் வெறுங்கழுத்தோட போகப்பிடாது. சூளைக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பூவாக்கும்" என்று பெரிய பிச்சிமாலை ஒன்றைப் போட்டார்.

தாசில்தார் அதைக் கழற்றியபோது வெள்ளைக் கோட்டில் கழுத்திலிருந்து வயிறுவரை கரி. ஊர் சிரித்தது. கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்துவிட்டு, மனுவை அங்கேயே தள்ளுபடி செய்துவிட்டார்.

புறப்படும்போது மெதுவாகக் கேட்டேன்: "அண்ணாச்சி, அது சூளைக் கரியா, உங்க வீட்டு அடுப்புக் கரியா?"

நாரைக் கடித்துக்கொண்டார். ஒரு வாழையிலைப் பொட்டலத்தை என் கையில் வைத்து, கடித்த பல்லோடேயே, "அதே தோட்டத்துப் பூ. வீட்டுல குடுங்க" என்றார்.

வீட்டில் மனைவி பிரித்தாள். பிச்சி பால்போல் வெளுத்திருந்தது. ஒரு பொட்டுக் கரி இல்லை.

மறுநாள் தாசில்தார், "என்ன புகை ஓய் அது!" என்றார். நானும் ஒரு நாரைக் கடித்துக்கொண்டவன்போல நின்றேன்.